எழுதிய கதையை நீங்களே திருத்துவது எப்படி: முதல் வரைவிலிருந்து மெய்ப்பு வரை

முதல் வரைவை முடித்த இரவில், இப்படி ஒரு கதையை இதுவரை யாரும் எழுதியதில்லை என்று தோன்றும். பத்து நாள் கழித்து எடுத்துப் படித்தால், இதையா எழுதினோம் என்று முகம் சுளிக்கத் தோன்றும். இரண்டு நேரத்திலும் கதை ஒன்றுதான், படிக்கிற ஆள்தான் வேறு. திருத்துவதற்கு இந்த இருவருமே உதவமாட்டார்கள். எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்பதை மறந்துவிட்டு, தாளில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கிற மூன்றாவது ஆள் வேண்டும். அவரை எப்படி வரவழைப்பது, வந்தபின் அவருக்கு என்னென்ன வேலை கொடுப்பது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். சிறுகதையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். நாவலுக்கும் வேலை இதேதான், நாட்கள் கூடும்.

நம்மில் பலர் திருத்தத்தைத் தப்பான முனையிலிருந்து தொடங்குகிறோம். கோப்பைத் திறந்ததும் முதல் வரி கண்ணில் படுகிறது. அதில் ஒரு சொல்லை மாற்றுகிறோம், ஒரு கால்புள்ளியை எடுக்கிறோம். மறுநாளும் அதே இடத்திலிருந்துதான். முதல் பக்கம் பளபளக்கிறது, எட்டாம் பக்கத்தை எட்டிப் பார்க்கவே ஆள் இல்லை. நான் ஒருமுறை ஒரு கதையின் முதல் பத்தியை மாதக்கணக்கில் இழைத்தேன். அந்தப் பத்தி கதைக்குத் தேவையே இல்லை என்று கடைசியில் தெரிந்தது. அவ்வளவு இழைத்ததை வெட்ட மனம் வருமா? வரவில்லை. கதை அதனாலேயே கெட்டது. அதனால்தான் வரிசையைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன்: முதலில் கதை, அப்புறம் காட்சி, அப்புறம் வரி, எல்லாம் முடிந்தபின் எழுத்துப்பிழை பார்க்கிற மெய்ப்பு.

இந்த வேலைக்கு நம்மிடம் பழைய பட்டியல் ஒன்று இருக்கிறது. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூலின் பாயிரத்தில், ஒரு நூலில் வரக்கூடாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறார். குன்றக் கூறல் (தேவைக்குக் குறைவாகச் சொல்வது), மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் (முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது), வழூஉச்சொல் புணர்த்தல் (பிழையான சொல்லைச் சேர்ப்பது), மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல் (சாரமில்லாமல் சொற்களை அடுக்குவது), மற்றொன்று விரித்தல் (சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரிப்பது), சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. அறிவு நூல் எழுதுகிறவர்களுக்குச் சொன்னது இது. அவர் கதாசிரியர்களை நினைத்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் என் மேசைக்கு எதிரே இதைத்தான் ஒட்டி வைத்திருக்கிறேன். என் வரைவுகளில் இந்தப் பத்தில் குறைந்தது ஏழு எப்போதும் இருக்கும்.

1. ஆறப்போடுங்கள்

சிறுகதை என்றால் இரண்டு வாரம், நாவல் என்றால் ஒன்றரை மாதமாவது. இது என் கணக்கு, உங்களுக்கு மறதி அதிகம் என்றால் குறைத்துக்கொள்ளலாம். எழுதிய சூட்டில் படிக்கும்போது கண் தாளில் ஓடினாலும், மனம் தனக்குத் தெரிந்த கதையைத்தான் படித்துக்கொண்டு போகும். விடுபட்ட சொல்லைக்கூட அதுவே நிரப்பிக்கொள்ளும். அந்தப் பழக்கம் தளர்வதற்குத்தான் இந்த இடைவெளி. சும்மா காத்திருக்க வேண்டியதில்லை, அடுத்த கதையைத் தொடங்கிவிடுங்கள். கெடு நெருங்கிவிட்டது, நேரமே இல்லை என்றால் ஒரு இரவாவது தூங்கி எழுந்து எடுங்கள்.

ஆறப்போடுவதற்கு முன் வரைவை அப்படியே ஒரு நகல் எடுத்து, தேதி போட்டுத் தனியாக வையுங்கள். பழையது பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் கை துணிந்து வெட்டும்.

2. கையைக் கட்டிக்கொண்டு படியுங்கள்

‘படி’ என்றால் வாசி என்றும் பொருள், நகல் என்றும் பொருள், ஏறுகிற படி என்றும் பொருள். திருத்தத்துக்கு மூன்றும் வேண்டியிருக்கும். ஆனால் இன்றைக்கு வாசிப்பது மட்டும்தான்.

எழுதிய திரையில் படிக்காதீர்கள். அச்செடுத்துப் படிக்கலாம். முடியாவிட்டால் எழுத்துருவையும் அளவையும் மாற்றி, கைபேசிக்கு அனுப்பிப் படியுங்கள். வரிகள் வேறு இடத்தில் மடிவதே போதும், கண்ணுக்குக் கொஞ்சம் புதிதாகிவிடும். சிறுகதையை ஒரே அமர்வில் முடிக்க வேண்டும்.

திருத்தக்கூடாது. பிழையைப் பார்த்தால் கை துறுதுறுக்கும், பரவாயில்லை. ஓரத்தில் மூன்று அடையாளம் மட்டும் போடலாம்: சலித்த இடத்தில் ஒரு கோடு, குழம்பிய இடத்தில் கேள்விக்குறி, நம்ப முடியாத இடத்தில் பெருக்கல் குறி. ஏன் சலித்தது என்று இப்போது யோசிக்க வேண்டாம்.

முடித்ததும் தாளைக் கவிழ்த்துவிட்டு, நினைவில் நிற்பவற்றை வேறொரு தாளில் எழுதுங்கள். ஒரு கை, ஒரு பேச்சு, ஒரு பொருள், எதுவானாலும் சரி. இந்தப் பயிற்சியை நான் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். எழுதிய எனக்கே நினைவில் நிற்காத காட்சி, படிக்கிறவருக்கு நிற்கப்போவதில்லை. அதே சமயம், போகிற போக்கில் எழுதிய ஏதோ ஒரு சின்ன விவரம் முதலில் நினைவுக்கு வரும். கதை பெரும்பாலும் அந்த விவரத்தின் பக்கம்தான் இருக்கும்.

3. காட்சிப் பட்டியல் போடுங்கள்

முழுத் திருத்தத்திலும் அதிகம் பயன்படுவது இதுதான், அதிகம் சோம்பல் வருவதும் இதில்தான். எழுதுவதற்கு முன் போடும் திட்டத்தைச் சொல்லவில்லை. எழுதி முடித்தபின், தாளில் உண்மையில் இருப்பதை வைத்துப் போடும் பட்டியல். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி, அதில் மூன்று விவரம்: எங்கே எப்போது நடக்கிறது, வருகிறவருக்கு என்ன வேண்டும், காட்சி முடியும்போது எது மாறியிருக்கிறது.

மூன்றாவதுக்குப் பதில் எழுத முடியாமல் பேனா நிற்கிற காட்சிகளைச் சுழியுங்கள். அவை நின்று பயன் இல்லாதவை. சுழித்த உடனே எல்லாவற்றையும் வெட்ட வேண்டும் என்றில்லை. சிலவற்றில் ஒரு சின்ன மாற்றத்தை நடக்க வைத்தால் உயிர் வந்துவிடும். சிலவற்றில் இருக்கும் ஒரே நல்ல வரியை அடுத்த காட்சிக்கு மாற்றிவிட்டு மீதியைத் தூக்கிவிடலாம். என் கதையொன்றில் பதினான்கு காட்சி. அவற்றில் ஐந்தில் நாயகன் தனியாக உட்கார்ந்து பழசை நினைக்கிறான். எழுதும்போது ஐந்தும் வெவ்வேறு என்றுதான் தோன்றியது. பட்டியலில் அடுத்தடுத்து ‘உட்கார்ந்து நினைக்கிறான்’ என்று எழுதியபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஐந்தையும் ஒன்றாக்கினேன். கூறியது கூறல் என்றால் ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வது மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மற்றொன்று விரித்தலும் இந்தப் பட்டியலில்தான் பிடிபடும். கடிகாரம் பழுது பார்ப்பவரைப் பற்றிய கதைக்காகக் கடிகாரங்களைப் பற்றி நிறையப் படித்திருப்போம். படித்ததை விட மனமில்லாமல் இரண்டு பக்கம் பற்சக்கரங்களைச் சுற்றவிடுவோம். படித்தது வீண் இல்லை, அந்த மனிதர் ஒரு சின்னத் திருகாணியை எப்படிப் பிடிக்கிறார் என்ற ஒரே வரியில் அத்தனையும் வந்துவிடும். அதேபோல, கதையில் இரண்டு நண்பர்கள் ஒரே வேலையைச் செய்தால் ஒருவரை அனுப்பிவிடுங்கள்.

பட்டியல் முடிந்ததும் முழுக் கதையையும் ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்: யாருக்கு என்ன வேண்டியிருந்தது, எது குறுக்கே நின்றது, கடைசியில் எது மாறியது. வாக்கியம் இரண்டாக உடைந்துகொண்டே இருந்தால், கைக்குள் இரண்டு கதைகள் இருக்கின்றன என்று பொருள். ஒன்றை எடுத்துத் தனியாக வையுங்கள், அடுத்த மாதத்துக்கு ஆகும்.

4. தொடக்கத்தையும் முடிவையும் உலுக்கிப் பாருங்கள்

தொடக்கத்துக்குச் சோதனை எளிது. முதல் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து படியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் மூன்றாவதிலிருந்து படியுங்கள். பல வரைவுகளில் வானிலை, விடியல், நாயகன் கண் விழிப்பது எல்லாம் முடிந்து இரண்டாம் பக்கத்தில்தான் கதை தொடங்கும். அந்த முதல் பக்கம் நாம் கதைக்குள் நுழைவதற்காக எழுதிக்கொண்டது. வாசகருக்கு அந்த வழி தேவையில்லை.

முடிவுதான் கடினம். ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்ற சொல்லே அந்தக் காட்சியைக் கண்முன் நிறுத்துகிறது. வேகமாகப் போன கதை, எழுதியவருக்குக் களைப்பு வந்ததும் இளைத்து இளைத்து ஒருநாள் நின்றுவிடுகிறது. இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு. கதை முடிந்தபின்னும் அதன் பொருளை விளக்க நாம் இன்னும் ஒரு பத்தி நின்றுகொண்டிருப்போம். எர்னஸ்ட் ஹெமிங்வே 1958இல் வெளியான ஒரு நேர்காணலில், தன் நாவல் ஒன்றின் கடைசிப் பக்கத்தை 39 முறை மாற்றி எழுதியதாகச் சொன்னார். 2012இல் வந்த அந்த நாவலின் பதிப்பு, அவருடைய கைப்பிரதிகளிலிருந்து 47 முடிவுகளைத் திரட்டித் தந்தது. நமக்கு மூன்று போதும். கடைசிப் பத்தியை நீக்கி அதற்கு முன்பே நிற்கும் முடிவு ஒன்று. யாரோ செய்கிற ஒரு சின்னச் செயலில் முடிவது ஒன்று. பேச்சில் முடிவது ஒன்று. மூன்றையும் எழுதி வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் படியுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் முதலாவதுதான் ஜெயிக்கும்.

5. யார் பார்க்கிறார்கள், எப்போது நடக்கிறது

கதை யார் கண்ணிலிருந்து போகிறதோ அவருக்குத் தெரிய முடியாத வாக்கியங்களைத் தேடுங்கள். வாசுகியின் கண்ணில் போகிற காட்சியில் ‘அவள் முகம் சிவந்தது’ என்று எழுதியிருந்தால், அதை யார் பார்த்தார்கள்? காது சூடாவது அவளுக்குத் தெரியும், நிறம் தெரியாது.

தமிழில் இதற்கு இன்னொரு முனை உண்டு. வந்தான், வந்தாள், வந்தார் என்று வினை முடிவிலேயே கதைசொல்லிக்கும் அந்த ஆளுக்கும் உள்ள தூரம் தெரிந்துவிடும். இரண்டாம் பக்கத்தில் ‘அப்பா வந்தார்’ என்று இருந்து ஆறாம் பக்கத்தில் ‘அவன் உட்கார்ந்தான்’ என்று மாறினால், மகனுக்கு அப்பா மேல் இருந்த மரியாதை போய்விட்டது என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். அதை வேண்டுமென்று செய்திருந்தால் அருமை. கவனக்குறைவால் வந்திருந்தால், நீங்கள் எழுதாத ஒரு கதையை அவர் படித்துக்கொண்டிருக்கிறார்.

மாறுகொளக் கூறலுக்கு ஒரு தாள் ஒதுக்குங்கள். பெயர், வயது, உறவு, யார் யாரை நீ என்றும் நீங்கள் என்றும் அழைக்கிறார்கள், எந்தக் கிழமையில் என்ன நடக்கிறது, இவ்வளவும் அதில் இருக்கட்டும். மூன்றாம் பக்கத்தில் இடது கையில் கட்டுப் போட்டவர் ஒன்பதாம் பக்கத்தில் வலது கையைத் தூக்க முடியாமல் தவிப்பதெல்லாம் இந்தத் தாளில் சிக்கும். மாலதி, மாலினி, மாதவன் என்று ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களையும் பிரித்துவிடுங்கள். மயங்க வைப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

6. பேச்சு

உரையாடல்களை மட்டும் பெயரில்லாமல் தனியாக எடுத்து ஒட்டிப் படியுங்கள். யார் பேசுகிறார்கள் என்று தெரிகிறதா? தெரியாவிட்டால் எல்லாரும் உங்கள் குரலில் பேசுகிறார்கள். அடுத்து, ஒரே ஆள் ஒரே மூச்சில் ‘வந்துவிட்டேன்’ என்றும் ‘வந்துட்டேன்’ என்றும் சொல்கிறாரா என்று பாருங்கள். எழுத்து நடையா, பேச்சு நடையா, பேச்சு என்றால் எந்த வட்டாரத்துப் பேச்சு என்று ஆளுக்கு ஆள் முடிவு செய்துகொண்டு அதில் நில்லுங்கள். பேசும் ஒலியை அப்படியே பிடிக்கிறேன் என்று ஒவ்வொரு சொல்லையும் நசுக்கவும் வேண்டாம். வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்க நேர்ந்தால் பேச்சின் வேகம் போய்விடும்.

இருவருக்கும் தெரிந்ததை ஒருவர் மற்றவருக்குச் சொல்வதுதான் பேச்சில் பெரிய பொய். “உனக்குத்தான் தெரியுமே, நம் அப்பா இறந்து ஐந்து வருடம் ஆகிறது” என்று எந்த அண்ணனும் தங்கையிடம் சொல்வதில்லை. அது வாசகருக்கான தகவல், வேறு வழியில் கொடுங்கள். ‘கர்ஜித்தான்’, ‘வினவினாள்’ எல்லாம் வேண்டாம். சொன்னான், என்றாள், கேட்டான் போதும். அவை கண்ணில் படாமல் நகர்ந்துவிடும், அதுதான் அவற்றின் சிறப்பு.

7. வரிக்கு வாருங்கள்

இப்போதுதான் சொற்களைத் தொடலாம். உதாரணத்துக்கு ஒரு வரைவு:

“கதவு தட்டப்பட்டது. வாசுகி மெதுவாக எழுந்து சென்று கதவைத் திறந்தாள். வெளியே அவளது அண்ணன் ஒரு ஏணியுடன் நின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் அவளுக்குக் கோபமாக வந்தது. மூன்று வருடங்களுக்கு முன்பு வாங்கிச் சென்ற ஏணியை இப்போதுதான் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறானே என்று அவள் தனக்குள் நினைத்துக்கொண்டாள். ‘ஏணியைக் கொண்டு வந்திருக்கிறேன்’ என்று அவன் தயங்கியபடியே சொன்னான். ‘அங்கேயே வைத்துவிட்டுப் போ’ என்று அவள் கோபத்துடன் கத்தினாள். அவன் சோகத்துடன் ஏணியை வைத்துவிட்டுத் திரும்பி நடக்க ஆரம்பித்தான்.”

இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. அதுதான் ஆபத்து, கண் நிற்காமல் போய்விடும். ‘கதவு தட்டப்பட்டது’ என்று யாரும் சொல்வதில்லை, ‘கதவைத் தட்டும் சத்தம் கேட்டது’ என்போம். அதுகூட இங்கே தேவையில்லை, கதவைத் திறந்தாள் என்றாலே தட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். கோபம் இரண்டு முறை வருகிறது, கத்தலையும் சேர்த்தால் மூன்று. நினைத்தால் போதும், ‘தனக்குள்’ நினைக்க வேண்டாம், நினைப்பு வேறெங்கும் நடப்பதில்லை. தயக்கம், கோபம், சோகம் என்று ஒவ்வொரு பேச்சுக்கும் செயலுக்கும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. ‘நடக்க ஆரம்பித்தான்’ என்றால் நடுவில் ஏதாவது தடுக்க வேண்டும். தடுக்கவில்லை என்றால் ‘நடந்தான்’.

இவற்றையெல்லாம் நீக்கினால் பத்தி சுருங்கும், ஆனால் நன்றாகிவிடாது. நான் அதோடு நிறுத்தியபோது பத்தி எலும்பும் தோலுமாக நின்றது. அப்போதுதான் முதல் வரைவில் கேட்காத கேள்வியைக் கேட்டேன்: மூன்று வருடம் வராதவன் இன்றைக்கு ஏன் வருகிறான்? பதில் ஏணியிலேயே கிடைத்தது.

“கதவைத் திறந்தபோது அண்ணன் ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான். மூன்று வருடம் கழித்து.

‘ஏணி’ என்றான்.

‘தெரியுது.’

வாசுகி வாசலை விட்டு நகரவில்லை. அவன் ஏணியைச் சுவரில் சாத்தினான். கீழிருந்து இரண்டாவது படி மட்டும் புது மரம், இன்னும் வெளிறியே இருந்தது.

‘அங்கேயே இருக்கட்டும்’ என்றாள்.”

உடைத்தது அவன்தான், சரி செய்யாமல் வர முடியவில்லை, சரி செய்ய மூன்று வருடம் ஆகியிருக்கிறது. இதை யாரும் சொல்லவில்லை. வரியைத் திருத்தப்போய்க் கதை கிடைப்பது இப்படித்தான். இந்த மாதிரிக் கண்டுபிடிப்பு வந்தால் மறுபடியும் காட்சிப் பட்டியலுக்குப் போக வேண்டியிருக்கும். அலுப்புத்தான், போய்த்தான் ஆக வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் கை தானாகப் போடும் சில சொற்கள் உண்டு. கணினியில் தேடி எண்ணிப் பாருங்கள், அதிர்ந்துபோவீர்கள். எனக்கு ‘ஒரு’. ஒரு மாலை, ஒரு மேசை, ஒரு புன்னகை. தமிழில் ‘கதவருகே நாற்காலி கிடந்தது’ என்றாலே ஒன்று என்று புரிந்துவிடும். ‘ஒரு’ போட்டால் அந்த நாற்காலிக்கு ஏதோ விசேஷம் இருக்க வேண்டும். சிலருக்கு ‘திடீரென்று’, சிலருக்கு ‘மெல்ல’, சிலருக்கு ‘மற்றும்’. எல்லா வினையும் ‘கொண்டிருந்தான்’ என்று முடிகிற நோயும் பரவலானது. பார்த்தான் என்றால் போதுமான இடத்தில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

‘அவன்’, ‘அவள்’ எண்ணிக்கையையும் பாருங்கள். வந்தான் என்பதிலேயே அவன் இருக்கிறான். ஆள் மாறாத வரை எழுவாய் இல்லாமல் நாலைந்து வாக்கியம் போகலாம், தமிழ் அதைத் தாங்கும். அதேபோல ‘எழுந்து, நடந்து, திறந்து, எட்டிப் பார்த்து’ என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போக முடிவது நம் மொழியின் வசதி. அந்தக் கோவையில் எல்லாச் செயலுக்கும் ஒரே எடை விழும், கடைசி வினைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல். ஆகவே கடைசியில் நிற்பது முக்கியமானதா என்று பாருங்கள். நான்கு செயல்களைக் கோத்து ‘சென்றான்’ என்று முடித்தால் வாக்கியம் வாசலிலேயே விழுந்துவிடும்.

ஒரே பொருளுக்கு இரண்டு உவமை இருந்தால் நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். எது நல்லது என்று தெரியாவிட்டால் இரண்டையும் எடுத்துவிடலாம். வெட்டியவற்றுக்கு ‘வெட்டியவை’ என்றே ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். மறுபடியும் எடுத்துப் பயன்படுத்தியது மிகக் குறைவு. ஆனால் அழிக்கவில்லை, நகர்த்தத்தான் செய்கிறோம் என்ற நினைப்பில் கை நடுங்குவதில்லை.

8. எங்கே நிறுத்துவது

வெட்டுவதில் ஒரு போதை உண்டு. பவணந்தியார் பட்டியலை மிகைபடக் கூறலில் தொடங்கவில்லை, குன்றக் கூறலில்தான் தொடங்குகிறார். அமெரிக்கச் சிறுகதையாளர் ரேமண்ட் கார்வரின் 1981ஆம் ஆண்டுத் தொகுப்பை அவருடைய பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் பாதிக்கு மேல் வெட்டினார். 1980 ஜூலையில் கார்வர் அவருக்கு, அச்சு வேலையை நிறுத்திவிடும்படி கெஞ்சிக் கடிதம் எழுதினார். புத்தகம் வெட்டியபடியே வந்தது, பெரும் புகழும் பெற்றது. வெட்டுவதற்கு முந்தைய வடிவங்கள் அவர் இறந்து பல வருடம் கழித்து 2009இல் தனி நூலாக வந்தன. எது சிறந்தது என்று இன்றும் வாசகர்கள் கட்சி பிரிந்து நிற்கிறார்கள். நான் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருக்கிறேன். அதிலிருந்து எடுத்துக்கொண்ட சோதனை இது: ஒரு வரியை எடுத்தபின் பாத்திரத்தின் மேல் இருந்த ஈரம் காய்ந்துபோனால், அந்த வரியைத் திரும்ப வைத்துவிடுகிறேன்.

நேற்று மாற்றிய சொல்லை இன்று பழையபடி மாற்றுகிறீர்கள் என்றால் வரித் திருத்தம் முடிந்துவிட்டது.

9. வாய்விட்டுப் படியுங்கள்

நன்னூல் பத்துக் குற்றங்களுக்குப் பக்கத்திலேயே பத்து அழகுகளையும் சொல்கிறது. அவற்றில் ஒன்று ஓசையுடைமை. பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேர் தன் வாக்கியங்களை உரக்கக் கத்திப் படித்துச் சோதிப்பார். அப்படி 1851 முதல் 1856 வரை ஒரே நாவலில் உழைத்தார். நாம் கத்த வேண்டாம், கதவைச் சாத்திக்கொண்டு சாதாரணக் குரலில் படித்தால் போதும். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீளம். நாக்கு தடுக்கும் இடத்தில் சொற்கள் மோதுகின்றன. படிக்கும்போது உங்களை அறியாமல் ஒரு சொல்லை மாற்றிப் படித்தால், மாற்றிப் படித்ததுதான் சரி. எழுதியதை அடித்துவிடுங்கள். கைபேசியின் இயந்திரக் குரலைப் படிக்கச் சொல்லிக் கேட்பதும் நல்லது. அதற்கு உங்கள் கதை மேல் எந்தப் பாசமும் இல்லை, விடுபட்ட சொல்லை நிரப்பிக்கொள்ளாது.

10. இன்னொருவரிடம் கொடுங்கள்

மூன்று பேர் போதும். அவர்களில் ஒருவராவது கதை எழுதாதவராக இருக்கட்டும். எழுதுகிறவர்கள் தாங்கள் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்போம் என்றுதான் சொல்வார்கள். “எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள், “நல்லா இருக்கு” என்பதைத் தவிர வேறு பதில் வராது. எங்கே கீழே வைத்தீர்கள், எங்கே திரும்பிப் போய்ப் படித்தீர்கள், யாரை உங்களுக்குப் பிடிக்கவில்லை, கதை எதைப் பற்றியது என்று கேளுங்கள். அவர்கள் பேசும்போது விளக்கம் சொல்லாதீர்கள், வாசகர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் விளக்க முடியாது. மூவரும் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே கோளாறு நிச்சயம். ஆனால் அவர்கள் சொல்லும் மருந்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முடிவு சரியில்லை என்பார்கள், பழுது மூன்றாம் பக்கத்தில் இருக்கும்.

11. மெய்ப்பு

எல்லாம் முடிந்தபின் வழூஉச்சொல். இதைக் கடைசிப் பத்தியிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள், கதையின் ஓட்டம் உங்களை இழுத்துப்போகாது. ஒற்று மிகும் இடம், மிகா இடம் இரண்டையும் கவனியுங்கள். ‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி கிடைத்தது, ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் கையில் வேல் கிடைத்தது. ‘செய்துகொண்டு’ என்று சேர்த்து எழுதுவதா பிரிப்பதா, ‘வருடம்’ என்பதா ‘ஆண்டு’ என்பதா போன்றவற்றில் ஒன்றை முடிவு செய்து முன்பு போட்ட அந்த ஒற்றைத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

ர, ற, ல, ழ, ள, ன, ண. இவற்றில் பல பிழைகளைக் கணினியின் பிழைதிருத்தி பிடிக்காது, இரண்டு பக்கமும் சரியான சொல்லாகவே இருக்கும். ‘மணம் நொந்தான்’ என்பது அதற்குப் பிழையாகத் தெரியாது. வாசகருக்கு வேறு மாதிரிச் சிரிப்பு வரும். உங்கள் விரல் வழக்கமாகத் தவறும் சொற்களைத் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். மேலே காட்டிய அந்த அண்ணன் தங்கை கதையில், கோபத்தை எடுத்து, சோகத்தை எடுத்து, படியை மாற்றி, மூன்று பேரிடம் கொடுத்து வாங்கி எல்லாம் முடித்த பிறகு மெய்ப்பு பார்த்தேன். ஏழு இடங்களில் ‘ஏனி’ என்று இருந்தது.